பதினொரு வினாடி வீடியோ: எண்ணச் சுழற்சி நோய் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் நாள் என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் அவர் எதுவும் பேசவில்லை. செல்போனை எடுத்து, ஒரு வீடியோவை ஓடவிட்டு, என் பக்கம் திருப்பி வைத்தார். காரின் முன்கண்ணாடியில் மாட்டிய கேமராவில் பதிவான காட்சி. இருட்டுச் சாலை, எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம், ஓரிடத்தில் கார் லேசாகக் குலுங்குகிறது. அவ்வளவுதான். மொத்தம் பதினொரு வினாடி.

"இதை எத்தனை தடவை பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி மட்டும் நாப்பது தடவைக்கு மேல இருக்கும் மேடம். அந்தக் குலுக்கல் பள்ளமா, ஆளான்னு மட்டும் சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை சொன்னேன். சொன்னதால் என்ன ஆனது, பிறகு சொல்லாமல் இருக்க நாங்கள் எல்லோரும் எப்படிப் பழகினோம் என்பதுதான் இந்த ஆய்வு. 'நாங்கள்' என்பதில் அவர், அவர் மனைவி, நான் மூவரும் அடக்கம். ஓ.சி.டி. என்று பரவலாக அறியப்படும் எண்ணச் சுழற்சி நோயில், ஆறுதல் சொல்வது எவ்வளவு பெரிய தீனி ஆகிவிடுகிறது என்பதை எனக்கு அழுத்தமாகப் புரியவைத்தது இவருடைய சிகிச்சைதான்.

ஒரு குறிப்பு. இதில் வருபவரை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே வகைத் தொல்லையோடு வந்த வேறு சிலரின் அனுபவங்களும் இதில் கலந்திருக்கின்றன. நோயின் போக்கும் சிகிச்சையின் போக்கும் மட்டும் மாறவில்லை.

வந்தபோது இருந்த நிலை

வயது 34. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. திருமணமாகி ஐந்து வயதில் ஒரு மகள். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் காரில் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடப் பயணம் அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

சக்கரம் எதன் மேல் ஏறினாலும், அது வேகத்தடையோ பள்ளமோ சிறு கல்லோ, "யாரையோ இடிச்சிட்டேனோ" என்று ஓர் எண்ணம் வந்து விழும். உடனே பின்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார். சாலை காலியாகத்தான் இருக்கும். ஆனால் இடிபட்டவர் ஓரமாகப் போய் விழுந்திருக்கலாமே? வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே இடத்துக்குப் போவார். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வரும் வழியில் அதே பள்ளத்தில் மறுபடி சக்கரம் இறங்கும். மறுபடி அந்தக் கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். முன்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை இருக்கிறதா என்று பார்ப்பார். இரவு விபத்துச் செய்திகளைத் தேடிப் படிப்பார். மனைவியிடம் கேட்பார். எட்டு மாதத்துக்கு முன், இதற்கெல்லாம் ஒரேயடியாக முடிவு கட்டலாம் என்று அந்தக் கேமராவை வாங்கி மாட்டினார். ஆதாரம் கையில் இருந்தால் சந்தேகம் எப்படி வரும்? நியாயமான யோசனைதான். ஆனால் வாங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து, இரவில் இரண்டு மூன்று மணி நேரம் அன்றைய பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது தனி வேலையாகச் சேர்ந்துகொண்டது. கேமரா முன்பக்கத்தை மட்டும்தான் காட்டும், பக்கவாட்டில் இடித்திருந்தால்?

கேள்வி ஓயவில்லை. சான்றின் அளவுதான் கூடியது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர்கள் இந்த நோயைச் 'சந்தேகப் பைத்தியம்' என்று அழைத்தார்கள். 'பைத்தியம்' என்ற சொல்லை இன்று பயன்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் 'சந்தேகம்' என்று அவர்கள் பிடித்தது சரியான இடம்.

மழை, இரவு, ஆள் நடமாட்டம் உள்ள தெரு, பள்ளி விடும் நேரம் ஆகியவற்றை அவர் தவிர்க்கத் தொடங்கியிருந்தார். மகளைக் காரில் ஏற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. தினமும் தாமதமாகப் போனதால் வேலையும் ஆட்டம் கண்டிருந்தது.

பின்னணி

பதின்மூன்று வயதிலேயே இதன் சாயல் இருந்திருக்கிறது. படித்த வரி சரியாகப் புரிந்ததா என்ற சந்தேகத்தில் ஒரே பக்கத்தை மணிக்கணக்கில் திரும்பப் படிப்பார். தேர்வில் விடைத்தாளில் பெயர் எழுதினோமா என்று மறுபடி மறுபடி பார்ப்பார். வீட்டில் அதைப் பொறுப்பான பிள்ளை என்று பாராட்டினார்கள். கல்லூரிக் காலத்தில் தானாகத் தணிந்தது. அவருடைய அப்பாவுக்கும் பூட்டிய கதவைப் பலமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. இந்த நோய் குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்டு என்பதால் அதையும் குறித்துக்கொண்டேன்.

மகள் பிறந்தபின் மெல்லத் திரும்பி வந்தது. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கும் காலம், பொறுப்புணர்வில் வேர்விடும் நோய்க்கு நல்ல மண். ஒரு நாள், இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியைப் பற்றிய செய்தியைப் படித்தார். மறுநாள் கார் ஒரு பள்ளத்தில் இறங்கியது. போய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "அப்பாடா" என்று இருந்தது.

அந்த "அப்பாடா"தான் வினை. அடுத்த முறை சந்தேகம் வந்தபோது, அதைத் தீர்க்க என்ன செய்ய வேண்டும் என்று மனம் ஏற்கெனவே கற்றுவைத்திருந்தது.

எங்களிடம் வருவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். பதற்றம் என்று சொல்லி, தூக்கம் வரவைக்கும் மாத்திரையும் ஓய்வும் பரிந்துரைக்கப்பட்டன. அவர் சொன்னது "டென்ஷனா இருக்கு" என்பதை மட்டும்தான். திரும்பிப் போய்ப் பார்ப்பதைச் சொல்ல வெட்கம். இது எண்ணச் சுழற்சி நோயில் மிகவும் வழக்கம். சொன்னால் பைத்தியம் என்பார்களோ, குற்றவாளி என்பார்களோ என்று பல ஆண்டுகள் மறைத்து வைக்கிறார்கள். நூறு பேரில் ஓரிருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை வரும் நோய் இது. ஆனாலும் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மதிப்பீடு

இந்த நோயின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலைப் பயன்படுத்தினோம். வெய்ன் குட்மனும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்டது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. முதல் ஐந்து ஓயாத எண்ணங்களைப் பற்றியவை, அடுத்த ஐந்து, அந்த எண்ணங்களைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயச் செயல்களைப் பற்றியவை. இவருக்கு 13, 15, ஆக மொத்தம் 28. 24 முதல் 31 வரை கடுமையான நிலை.

வேறு எதுவாக இருக்கலாம் என்றும் பார்த்தோம். உண்மையில் ஒரு விபத்து நடந்து, அதன் அதிர்ச்சி தங்கிவிட்டதா? இல்லை. நடக்காததை நடந்தது என்று உறுதியாக நம்பும் மாயநம்பிக்கையா? அதுவும் இல்லை. "நான் இடிச்சிருக்க மாட்டேன்னு எனக்கே தெரியும் மேடம். ஆனா உறுதியா தெரியலையே" என்றார். எண்ணம் தன்னுடையதுதான், மிகையானதுதான் என்று தெரிந்தும் விட முடியாத நிலை இது. எல்லாவற்றிலும் ஒழுங்கு, கச்சிதம் என்று வாழும் ஆளுமைப் போக்கும் இல்லை. அத்தகையவர்களுக்குப் பெரும்பாலும் தங்கள் பழக்கத்தில் பெருமை இருக்கும், இவருக்கு வேதனை மட்டுமே இருந்தது. (மேசையை நேர்த்தியாக வைப்பவர்களை "அவனுக்கு ஓ.சி.டி." என்று விளையாட்டாகச் சொல்கிறோம். இவரைப் போன்றவர்கள் அதைக் கேட்கும்போது என்ன நினைப்பார்கள் என்று ஒரு நொடி யோசித்தால் சொல்ல மாட்டோம்.)

மனச்சோர்வு மிதமான அளவில் இருந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்டேன். "செத்துட்டா யாரையும் இடிக்க மாட்டேன்ல" என்று ஒருமுறை தோன்றியதாகவும், திட்டம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அதை ஒவ்வொரு சந்திப்பிலும் தொடர்ந்து கேட்டுவந்தேன். நோயின் உள்ளடக்கத்தில் மூழ்கி இந்தக் கேள்வியைத் தவறவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

நான் செய்த தவறு

இரண்டாவது சந்திப்பில் அந்த வீடியோவை மறுபடி நீட்டினார். கண்கள் சிவந்திருந்தன, நான்கு இரவாகத் தூங்கவில்லை. நான் இளகிவிட்டேன். இருவரும் சேர்ந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். "இங்க பாருங்க, பள்ளத்தோட விளிம்பு தெளிவா தெரியுது. பள்ளம்தான்" என்றேன். அவர் முகம் அப்படியே தளர்ந்தது. கைகூப்பி விட்டுப் போனார். அன்று நல்ல காரியம் செய்ததாகத்தான் எனக்கும் இருந்தது.

நான்காம் நாள் தொலைபேசி வந்தது.

"மேடம், நீங்க பள்ளம்னு சொன்னது அந்தக் குலுக்கலுக்கா, அதுக்கு ரெண்டு வினாடி முன்னாடி ஒரு சின்ன குலுக்கல் இருக்கே, அதுக்கா?"

நான் கொடுத்தது நான்கு நாள் நிம்மதி. அதற்கு ஈடாக நோய் இன்னொரு சாட்சியைப் பெற்றுக்கொண்டது. இனி மனைவி, செய்தித்தாள், கேமரா, அப்புறம் நான். அடுத்த சந்திப்பில் அவரிடம் அதை வெளிப்படையாகச் சொன்னேன்: "போன தடவை நான் பதில் சொன்னது தப்பு. உங்க மேல இருந்த அக்கறையில சொன்னேன், ஆனா அது நோய்க்குத்தான் உதவிச்சு." சிகிச்சையின் உண்மையான தொடக்கம் அந்த உரையாடல்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால், ஆறுதல் எப்படி நோயாகிறது என்பதை விளக்க எங்களுக்கு ஒரு சொந்த உதாரணம் கிடைத்துவிட்டது.

சுழற்சி எப்படி ஓடுகிறது

மூன்றாவது சந்திப்பு முழுவதையும் இதற்கே ஒதுக்கினோம். அவர் எழுப்பிய முதல் கேள்வி, "இந்த மாதிரி நினைப்பு வர்ற ஆளு நல்லவனா?"

1978இல் ராக்மன், டி சில்வா என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வைச் சொன்னேன். எந்த மனநோயும் இல்லாத சாதாரண மக்களில் பெரும்பாலானோருக்கும் இதே மாதிரி வேண்டாத எண்ணங்கள் வருகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். 2014இல் வெளியான, 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், முந்தைய மூன்று மாதங்களில் இப்படி ஓர் எண்ணமாவது வந்தது என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 94 சதவீதம். எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. வந்த எண்ணத்துக்கு என்ன பொருள் கொடுக்கிறோம் என்பதில்தான் பாதை பிரிகிறது. "இப்படித் தோன்றினாலே அதைச் சரிபார்க்க வேண்டியது என் கடமை, பார்க்காமல் விட்டால் கொலைக்குச் சமம்" என்று எடுத்துக்கொள்பவருக்கு, அந்த எண்ணம் அபாயச் சங்காகிவிடுகிறது. அளவுமீறிய இந்தப் பொறுப்புணர்வை மையமாக வைத்துத்தான் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1985இல் தன் விளக்கத்தை முன்வைத்தார்.

ஆக, எண்ணம், அதற்குக் கொடுக்கும் பொருள், பதற்றம், சரிபார்த்தல், நிம்மதி. நிம்மதி வந்ததும், "சரிபார்த்ததால்தான் தப்பித்தோம்" என்று மனம் பதிந்துகொள்கிறது. ஆபத்தே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அவரை மிகவும் பாதித்தது இன்னோர் ஆய்வு. நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் இருவரும் 2003இல் வெளியிட்டது. நோய் இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மற்றவர்கள் இடையில் வேறொன்றைச் சரிபார்த்தார்கள். கடைசியாகச் சரிபார்த்தது எப்படி இருந்தது என்று கேட்டபோது, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு சரியாகச் சொன்னார்கள். ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலாக இருந்தது, அதன் மேல் நம்பிக்கையும் குறைந்திருந்தது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்போ நான் பார்க்கப் பார்க்கத்தான் சந்தேகம் அதிகமாகுதா?" என்றார். ஆமாம். நினைவாற்றல் பழுதாகிச் சந்தேகம் வரவில்லை. சரிபார்த்துச் சரிபார்த்து நினைவின் மேல் இருந்த நம்பிக்கை தேய்ந்துபோயிருக்கிறது.

"மூளையில கோளாறுன்னு படிச்சேன். பேசி என்ன சரியாகும்?" என்றும் கேட்டார். பலர் கேட்பதுதான். முன்மூளையின் அடிப்பகுதிக்கும் மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகளுக்கும் இடையே ஓடும் சுற்றுப்பாதை இந்த நோயில் மிகையாக இயங்குவது உண்மைதான். 1992இல் லூயிஸ் பாக்ஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தார்கள். மாத்திரையால் குணமானவர்களிடமும், மாத்திரையே இல்லாமல் நடத்தைச் சிகிச்சையால் குணமானவர்களிடமும், காடேட் என்ற அந்த ஆழ்பகுதியின் மிகைச் செயல்பாடு குறைந்திருந்தது. பழக்கத்தை மாற்றுவது மூளையையும் மாற்றுகிறது.

சிகிச்சை

நோய் கடுமையாக இருந்ததாலும் மனச்சோர்வு சேர்ந்திருந்ததாலும் மருந்து, எதிர்கொள்ளல் சிகிச்சை இரண்டையும் சேர்த்தே தொடங்கினோம். மனநல மருத்துவர் செர்ட்ராலின் என்ற மருந்தை 50 மில்லிகிராமில் ஆரம்பித்துப் படிப்படியாக 200க்குக் கொண்டுபோனார். இந்த நோய்க்கு மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுவது வழக்கம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தில் "மருந்து வேலை செய்யல" என்று நிறுத்திவிடுவார்கள். முதல் பத்து நாள் குமட்டல் இருந்தது, பிறகு போய்விட்டது.

எதிர்கொள்ளல் சிகிச்சையின் கரு எளிமையானது. பயம் வரும் சூழலுக்குள் வேண்டுமென்றே போக வேண்டும். வழக்கமாகச் செய்யும் கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்க வேண்டும். 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், எந்தச் சிகிச்சைக்கும் அசையாத இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பலன் கண்டார். அதுவரை இந்த நோய் ஏறத்தாழத் தீராதது என்றே கருதப்பட்டுவந்தது.

அச்சங்களை அவரே 0 முதல் 100 வரை வரிசைப்படுத்தினார். பகலில் வெறிச்சோடிய சாலையில் பின்கண்ணாடியைத் தேவைக்கு மேல் பார்க்காமல் ஓட்டுவது 30. பள்ளத்தில் இறங்கியபின் திரும்பிப் போகாமல் தொடர்வது 60. அன்றைய கேமராப் பதிவைப் பார்க்காமலே அழிப்பது 75. மழை இரவில், ஆள் நடமாட்டமுள்ள தெருவில் மகளையும் ஏற்றிக்கொண்டு போவது 100.

தொடங்குவதற்கு முன் அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் தேவைப்பட்டது. "நிஜமாவே இடிச்சிருந்தா? நிக்காம போறது குற்றம் இல்லையா?" நாங்கள் வகுத்த விதி இது: கண்ணால் பார்த்தால், காதால் கேட்டால், பக்கத்தில் இருக்கும் எவரும் உணரும்படி மோதினால், எல்லா ஓட்டுநரும் செய்வதுபோல உடனே நிற்க வேண்டும். 'இடித்திருப்போமோ' என்ற எண்ணம் மட்டும் வந்தால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஐம்புலன் சொல்வதற்கு நிற்கலாம், 'ஒருவேளை' சொல்வதற்கு நிற்கக்கூடாது. இன்னொன்றும் சொன்னேன். ஐந்து வினாடிக்கு ஒருமுறை பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதுதான் உண்மையில் ஆபத்து. முன்னால் நடப்பவர் அப்போது கண்ணில் படமாட்டார்.

முதல் பயிற்சிக்கு நானும் காரில் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பள்ளங்களைக் கடந்தும் அவர் அமைதியாக இருந்தார். பதற்றம் எவ்வளவு என்றால் 15 என்றார். எனக்கு ஆச்சரியம். காரணம் கேட்டதும் உண்மையைச் சொன்னார்: "நீங்க இருக்கீங்களே மேடம். இடிச்சிருந்தா நீங்க கத்தியிருப்பீங்க." பொறுப்பை என் தலையில் இறக்கி வைத்துவிட்டார். என்னுடைய இருப்பே ஓர் ஆறுதலாகிவிட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கிக்கொண்டேன். அதே பாதையில் தனியாகப் போய்வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 70 என்றார். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அன்று எங்கள் இருவருக்கும் அது பெரிய நாள்.

பதற்றம் குறையும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய பாடம். குறைந்தால் நல்லதுதான். ஆனால் உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் போன்றவர்கள் வலியுறுத்துவது வேறு: பயந்தது நடக்கிறதா, பதற்றத்தைத் தாங்க முடிகிறதா என்பதை அனுபவமாகக் கற்பதுதான் முக்கியம். பழைய பயம் அழிவதில்லை, அதற்குப் போட்டியாகப் புதிய பாடம் ஒன்று உருவாகிறது. அதனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் "என்ன ஆகும்னு நினைக்கறீங்க?" என்று எழுதச் சொன்னேன். "ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டேன், காலையில பைத்தியம் பிடிச்சிடும்" என்று ஒரு நாள் எழுதினார். மறுநாள் கீழே எழுதியிருந்தது: "இரண்டு மணிக்குத் தூங்கினேன். அலுவலகம் போனேன்."

மனைவி

நான்காவது சந்திப்பிலிருந்து அவரும் வந்தார். ஒரு வாரம் எண்ணிக் குறித்துக்கொண்டு வந்திருந்தார்: நாளுக்கு முப்பது தடவைக்கு மேல் "யாரையும் இடிக்கலங்க" என்று சொல்கிறார். டார்ச் பிடிக்கிறார். செய்திகளை அவரே முன்கூட்டிப் படித்து "இன்னைக்கு எதுவும் இல்லை" என்கிறார். இந்த நோய் உள்ள வீடுகளில் பெரும்பாலானோர் இதைச் செய்கிறார்கள். அன்பால்தான் செய்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்வது சற்றும் நியாயமில்லை.

திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. நோயாளியின் சம்மதம் இல்லாமல் ஆறுதலை நிறுத்தினால் அது தண்டனைபோல் ஆகிவிடும். மூவரும் சேர்ந்து ஒரு பதிலைத் தயாரித்தோம். முதல் முறை அதைச் சொன்னதை மனைவி எனக்கு விவரித்தார்.

"சொல்லேன்மா, அந்தத் திருப்பத்துல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இது நோய் கேக்குற கேள்விங்க. நாம பேசி வச்சிருக்கோம்ல. நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துலயே இருக்கேன்."

கணவர் கோபப்பட்டார், கதவை அறைந்தார், அப்புறம் வந்து உட்கார்ந்தார். "பதில் சொல்லாம இருக்கும்போது கல்நெஞ்சுக்காரி மாதிரி இருக்கு" என்று அந்த அம்மா என்னிடம் அழுதார். சிகிச்சையில் நோயாளி படும் பாட்டைப் பற்றி நிறைய எழுதுகிறோம். வீட்டில் இருப்பவர் வாயைக் கட்டிக்கொண்டு படும் பாட்டைப் பற்றி இன்னும் எழுத வேண்டும்.

ஏழாவது வாரம்

வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் போவது நின்றுவிட்டது, கேமராப் பதிவைப் பார்ப்பது கால் மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் யேல்-பிரவுன் மதிப்பெண் 25. மூன்றுதான் குறைந்திருந்தது. முகத்தில் தெளிவில்லை.

அவருடைய நாட்குறிப்பில் ஒரு வரி உறுத்தியது: "11 முதல் 12:30 வரை, ஒன்றும் செய்யவில்லை. படுத்திருந்தேன்." ஒன்றும் செய்யாத ஒன்றரை மணி நேரத்தில் மனம் என்ன செய்தது?

"மனசுக்குள்ள ஓட்டிப் பாப்பேன் மேடம். வீட்டு வாசல்ல இருந்து ஆபீஸ் வரைக்கும். எங்கயாவது விட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து."

சாலைக்குத் திரும்பிப் போவதை நிறுத்தியிருந்தார், நினைவுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். கட்டாயச் செயல் என்றால் கையால் செய்வது மட்டும் என்று நினைத்ததால் அவர் இதைச் சொல்லவில்லை. நானும் போதுமான அளவு கேட்கவில்லை. மனதுக்குள் நடக்கும் சடங்குகளைத் தொடக்கத்திலேயே தோண்டிக் கேட்க வேண்டும் என்பது இந்த நிகழ்வில் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

நினைக்காதே என்று சொல்ல முடியாது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னபோது மனதில் கரடியே வந்துவந்து நின்றதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இலேயே காட்டிவிட்டார். எண்ணம் வரட்டும். அதற்கு விடை தேடுவதை மட்டும்தான் நிறுத்த வேண்டும். அதனால் அவர் குரலிலேயே மூன்று நிமிடம் பதிவு செய்தோம்: "இன்னைக்கு நான் யாரையாவது இடிச்சிருக்கலாம். இடிக்காமலும் இருந்திருக்கலாம். எனக்கு ஒருபோதும் உறுதியா தெரியப்போறதில்லை. தெரியாமலே நான் சாப்பிடப் போறேன், தூங்கப் போறேன், நாளைக்கு வண்டி ஓட்டப் போறேன்." இரவில் மனப்பயணம் தொடங்கும்போது அதை ஓடவிட வேண்டும். பயணம் பாதியில் அறுந்தால் அப்படியே விட வேண்டும், முதலிலிருந்து தொடங்கக்கூடாது.

முதல் இரண்டு இரவு கொடுமையாக இருந்தது என்றார். மூன்றாவது வாரம், "சலிப்பா இருக்கு மேடம் அதைக் கேக்க" என்றார். அந்தச் சலிப்புக்காகத்தான் காத்திருந்தேன்.

பலன்

பதினான்காவது வாரம் மதிப்பெண் 17. இருபதாவது வாரம் 11. தொடக்கத்திலிருந்து 35 சதவீதம் குறைந்தால் சிகிச்சைக்குப் பலன் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இவருக்குக் குறைந்தது ஏறத்தாழ 60 சதவீதம். மொத்தம் பதினெட்டு சந்திப்புகள். மருந்தா, பயிற்சியா, எது எவ்வளவு உதவியது என்று ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஏழாவது வாரத்துக்குப் பின்னான வேகத்தில் இரண்டுக்கும் பங்கு இருக்கும். மருந்து முழு அளவில் வேலை செய்யத் தொடங்கும் காலமும் அதுதான்.

11 என்பது பூஜ்யம் அல்ல. எண்ணம் இப்போதும் வருகிறது. வந்தால் வழியில் பார்க்கும் விளம்பரப் பலகைபோலப் பார்த்துவிட்டுப் போகிறார். எல்லோருக்கும் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மருந்து கைகொடுக்காமல் வேறொன்றுக்கோ, க்ளோமிப்ரமினுக்கோ மாற வேண்டியவர்கள் உண்டு. பயிற்சியைத் தாங்க முடியாமல் இடையில் நிறுத்துபவர்களும் உண்டு. இவருக்கு வாய்த்த மனைவி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு சரிவு. மகளுக்குக் காய்ச்சல், மூன்று நாள் தூக்கமில்லை. இம்முறை சாலை வரவில்லை. "மருந்தை அதிகமா ஊத்திட்டேனோ?" என்று வந்தது. புட்டியின் அளவை எட்டு முறை பார்த்தார். ஒன்பதாவது முறை கை நீட்டியபோது மனைவி எதுவும் சொல்லவில்லை, அவரைப் பார்த்தார். "அதே ஆளுதான், சட்டையை மாத்திக்கிட்டு வந்திருக்கான்" என்று அவரே சொல்லிப் புட்டியை வைத்துவிட்டாராம். நோய் பொருள் மாறி வரும் என்று முன்பே பேசிவைத்திருந்தது உதவியது. இரண்டு கூடுதல் சந்திப்புகளில் நிலை திரும்பியது. மருந்தைக் குறைப்பது பற்றி அப்போது கேட்டார். குறைந்தது இன்னும் ஓராண்டு தொடரலாம், பிறகு மெல்ல மெல்லக் குறைக்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார்.

பதினான்காவது மாதச் சந்திப்பில் மதிப்பெண் 9. கேமரா இன்னும் காரில் இருக்கிறது. பதிவை எடுத்துப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது என்றார். கிளம்பும்போது செல்போனைக் கையில் எடுத்தவர், ஏதோ நினைவு வந்ததுபோல நின்றார்.

"அந்தப் பதினொரு வினாடி இன்னும் இதுலதான் இருக்கு மேடம். அழிக்கணும்னும் தோணல, பாக்கணும்னும் தோணல."

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. பள்ளி விடும் நேரம், மகளை அழைத்துவரப் போக வேண்டும் என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.